ஈசானி மூலைப் பட்டறை

சித்தப்பா, எங்கள் இரும்புப் பட்டறையை இடித்தது நீங்கள்தான். இன்று நம் பொதுவான கோலியனூர் வீட்டில் அதே ஈசானி மூலையில் உங்கள் காருக்கு இரும்புக் கொட்டகை போடுகிறார்கள். வெல்டிங் புகை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபத்தைவிட அலுப்புதான் வந்தது. அன்று பட்டறைத் தரைக்காக அப்பா பள்ளம் தோண்ட, அம்மா ஏரி மண்ணைக் கூடை கூடையாகக் கொட்ட, மழையில் தரை அமுங்க, மறுபடி கொட்டி, திமிசுக் கட்டையால் இருவரும் மாறி மாறிக் குத்திய தொம் தொம் சத்தத்தில்தான் குழந்தையாக இருந்த நான் பகலில் தூங்குவேன். கூரை போட்டதும் நீங்கள் வந்தீர்கள்.

"ஈசானி மூலைல இரும்ப வச்சிக்கினு குந்தினா குடும்பம் வெளங்குமா அண்ணி?"

"நான் மண்ணு சொமக்க சொல்ல, அப்ப மூலை தெரியலையா கொழுந்தனாரே?" என்றாள் அம்மா.

மறுநாளே ஆள் வைத்துப் பிரித்துப் போட்டீர்கள். அப்பா கடைசிவரை அடுத்தவர் பட்டறையில்தான் உழைத்தார்.

அமாவாசைக்குச் சொந்தமெல்லாம் மேல்மலையனூர் கோயிலில் கூடும். அங்கே எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: உங்களுக்கு ஆகிற இரும்பு அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?