பலகையில் விட்ட செருப்பு

கேம்பல் பே என்கிற தெற்குக் கடைசி ஊரில் நான் இரண்டு வருடம் இறந்துபோயிருந்தேன். அந்த இரண்டு வருடமும் போர்ட் பிளேரில் ஃபைல் பார்த்துக்கொண்டும், மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டும் நன்றாகத்தான் இருந்தேன்.

இந்தத் தீவுகளை வடக்கிலிருந்து தெற்கே நடந்தே முடிக்க வேண்டும் என்பது என் கிறுக்கு. அரசாங்க குமாஸ்தாவுக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும்? தை பிறந்து மழை விட்டதும் ஒரு கட்டம் நடப்பேன், இங்கே ஜஹாஜ் என்கிற கப்பலேறித் திரும்புவேன். நான் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டில், எனக்கு எங்கோ இன்னொரு குடும்பம் இருப்பதாகப் பேச்சு. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். தனியாகப் போவதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்கிற திமிர்.

கேம்பல் பேக்குத் தெற்கே போகிற சாலையைச் சுனாமி பல இடங்களில் விழுங்கிவிட்டது. அங்கே நடக்கிறவர்களுக்கு ஊர்தான் கடைசிக் கடை. அரிசி, அவல், வெல்லம், உப்பு, தீப்பெட்டி என்று எதை மறந்தாலும் அப்புறம் காடும் கடலும்தான். மேட்டில் ஒரு தமிழ் அக்கா கணவரோடு மளிகைக் கடை வைத்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே நிலம் கிடைத்துக் குடியேறியவரின் மகள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். தெற்கே போகிறவர்கள் சேற்றுக்காக முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, போட்டு வந்த செருப்பைக் கடை வாசல் பலகையில் விட்டுவிடுவார்கள். திரும்பி வந்ததும் "வந்துட்டேன்க்கா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். பலகையில் செருப்பு இருந்தால் ஆள் இன்னும் காட்டில் என்று அர்த்தம்.

என் செருப்பை வைத்துவிட்டு, "கோயில் மாதிரி டோக்கன் கிடையாதாக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை நாள்?"

"அஞ்சு நாள். பேர் எழுதிக்க வேணாமா?"

"பேரெல்லாம் வேணாம் தம்பி. நாள் மட்டும் சொல்லுங்க, போதும்."

நான்காம் நாளே கால் பிசகிவிட்டது. கரையோரம் வந்த மீன்பிடிப் படகு ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிக்கொண்டேன். படகுத் துறையில் இறங்கினால் போர்ட் பிளேர் கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது. என் டிக்கெட் அடுத்த கப்பலுக்கு. கெஞ்சிக் கூத்தாடி ஏறிவிட்டேன். கரை மறைந்த பிறகுதான் காலில் பூட்ஸ் இருப்பதைக் கவனித்தேன். போனால் போகிறது, ரப்பர் செருப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன். அந்தத் தூக்கத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் விடுப்பு கிடைக்கவில்லை. அதற்கடுத்த தையில், விட்ட கட்டத்தை முடிக்கலாம் என்று மறுபடி கேம்பல் பேக்குப் போனேன். கப்பல் ஒரு நாள் தாமதம். நான் இறங்கிய அன்று தை அமாவாசை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா கடைக்குத்தான் போனேன்.

அவர் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது. முகத்தைப் பார்த்ததும் அவர் கண் என் காலுக்குத்தான் போனது. உள்பக்கம் திரும்பி, மெதுவாக, "என்னங்க, அந்த நடக்கிற தம்பி வந்திருக்கு. கால் இருக்கு" என்றார்.

பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, ஆனாலும் குனிந்து என் காலை நானே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

அவருடைய கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். போன தடவை அவர் கையில் கம்பு கிடையாது. "எப்படிப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். படகையும் கப்பலையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அதத்தான் எல்லாரும் சொன்னாங்க. ஜஹாஜ்ல போயிருப்பான், விடும்மான்னு. ஜஹாஜ் லிஸ்ட்ல பாக்கலாம்னா உங்க பேர் தெரியாது. இவ பைத்தியம் மாதிரி கிளம்பிட்டா. தனியா விட முடியுமா? நாலு நாள் தேடினோம். விழுந்த மரத்து மேல ஏறினப்ப முட்டி போச்சு." கம்பால் முட்டியைத் தட்டிக் காட்டினார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

நான் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"ஜஹாஜ்ல போயிட்டான்னுதான் என் தம்பியையும் சொன்னாங்க," என்றார் அக்கா. "தெக்க தோப்புக்கு நடந்து போனவன். மறுநாள் கடல் வந்துச்சு. அப்ப ஜஹாஜ் ஜஹாஜா ஜனங்கள போர்ட் பிளேர் கொண்டு போனாங்க. அவனும் ஏறிட்டான், கேம்ப்ல இருக்கான்னாங்க. நானும் நம்பிட்டேன் தம்பி. ஒரு மாசம் கழிச்சு எல்லா கேம்ப்லயும் விசாரிச்சா, அவன் ஏறவே இல்ல. நான் தேடவே போகல."

பெயர் ஏன் கேட்பதில்லை என்றேன். "பேர் தெரிஞ்சா கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்" என்றார்.

பிறகு உள்ளே வரச் சொன்னார். அறையில் இரண்டு வாழையிலைகளில் படையல் போட்டிருந்தது. சோறு, சாம்பார், வாழைக்காய்க் கறி, வடை, பாயசம். ஒரு இலைக்கு முன்னால் மாலை போட்ட இளைஞனின் படம். இன்னொன்றுக்கு முன்னால், செய்தித்தாள் விரித்து, துடைத்துச் சுத்தமாக என் ரப்பர் செருப்பு.

"செருப்ப வச்சுக் கும்பிடக் கூடாதுதான். உங்களோடதுன்னு வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

நான் அழுதேன். உயிரோடு இருப்பதற்காக வெட்கப்பட்டு அழுதது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அக்கா செருப்பை எடுத்து வாசல் பலகையில் பழைய இடத்தில் வைத்தார். என் இலையை நகர்த்திப் போட்டு உட்காரச் சொன்னார்.

"போன வருஷம் உங்க சோத்தக் கடலுக்குத்தான் போட்டோம். இன்னைக்கு நீங்களே சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். பக்கத்து இலைக்காரர் படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். அவருக்கு முன்னால் வடை ஆறிக்கொண்டிருந்தது.

அந்த இலையை வழக்கமாகக் கடலுக்குக் கொண்டுபோகிறவர் அக்காவின் கணவர். போன வருடமே பாறையில் இறங்கப் பெரும்பாடு பட்டாராம். நான் கொண்டுபோகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையை மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு வாசல் இறங்கினேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அக்கா.

"கால் மணி நேரம்க்கா."

பாறைகள் வழுக்கின. கடல் அன்று சாதுவாக இருந்தது. இலையை விட்டதும் கொஞ்ச தூரம் மிதந்து, பிரிந்து, சோறு வெள்ளையாகக் கலைந்து இறங்கியது. இதே தண்ணீரில்தான் போன வருடம் எனக்கான சோறும் போயிருக்கிறது. அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கப் பிடிக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக மேடு ஏறினேன்.

அக்கா பலகைக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் அசையவில்லை. கணவரும் கம்பைப் பிடித்தபடி காத்திருந்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

"வந்துட்டேன்க்கா" என்றேன்.

அக்கா குனிந்து, பலகையிலிருந்து என் செருப்பை எடுத்து என் காலடியில் போட்டார்.