பலகையின் இரண்டாவது வரி

வேலை நேரத்தில் என் மனைவி றெஜினா என்னை அழைப்பதில்லை. அன்று முற்பகல் அழைத்தார். கூட்டத்தை விட்டு வெளியே வந்து பேசினேன். “இஞ்சாருங்கோ, ஹாஜரா மிஸ்ஸி மௌத்தாகிட்டாவாம். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். வெளிக்கிடுங்கோ.” அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மிஸ்ஸியின் ஊரான எருக்கலம்பிட்டிக்குப் புறப்பட்டேன். அடக்கம் நடந்த மையவாடி மதிலோரம் நின்றவர்களுக்கும், வர இயலாமற் போனவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

தாதியரை மிஸ்ஸி என்பது நம் வழக்கம். ஹாஜரா மிஸ்ஸி போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த காலமெல்லாம் அரச வைத்தியசாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மீள்குடியேற்றம் தொடங்கியதும் ஊர் திரும்பினார். தம் வீட்டுக்குக் கூரை போடுமுன்பே மன்னார் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: “கூரை இல்லாட்டி நான் ஒராள் நனைவன். நோயாளியப் பாக்க ஆள் இல்லாட்டி?”

தமிழ்நாட்டு அகதி முகாமின் மருந்தகத்தில் தொண்டு செய்த நாளிலிருந்தே றெஜினாவுக்குத் தாதியாக வேண்டும் என்ற ஆசை. நாங்கள் ஊர் திரும்பியபோது அரச தாதியர் பள்ளிக்குரிய வயதை அவர் கடந்திருந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. மிஸ்ஸியின் பள்ளியில் சேர்வதென்றால் அதை விட வேண்டும். விட்டால் மீண்டும் கிடைக்காது. அந்தப் பள்ளிக்கோ அரச பதிவு இல்லை என்று பேச்சு அடிபட்டது. நேரில் விசாரித்து முடிவெடுப்போம் என்றேன்.

நாங்கள் போன நேரம், வாசலில் ஏணி மீது நின்று ஒருவர் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். பள்ளியின் பெயர் முடிந்திருந்தது. அதன் கீழே எழுத வேண்டிய வரி: ‘பதிவுக்கு விண்ணப்பித்துள்ளோம், இன்னும் கிடைக்கவில்லை.’

“மிஸ்ஸி, இதைக் கொஞ்சம் சின்னனா எழுதட்டோ? ஆரும் வாசிச்சா பிள்ளையள் வராயினம்.”

“வாசிக்கத்தானே தம்பி எழுதுறது. பேர் எவ்வளவு பெரிசோ, அதுவும் அவ்வளவு பெரிசு.”

“அப்ப பலகை காணாது.”

“பலகை காணாட்டி பேரைச் சின்னதாக்குங்க.”

எழுதி முடித்த பெயரை அழித்து, இரண்டையும் ஒரே அளவில் எழுதினார் அவர், முணுமுணுத்தபடி.

உள்ளே வேறொரு நடைமுறை இருந்தது. சேர வருபவரும் உடன் வருபவரும் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து, “இந்தப் பள்ளிக்குப் பதிவு இல்லை, தெரிஞ்சுதான் சேருறம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும், அந்த வாசகம் போதாது என்றேன். பதிவில்லாததன் விளைவும் அதில் இருக்க வேண்டும். இப்படியே போனால் அரச வைத்தியசாலையில் வேலை கிடைக்காது என்பதையும் சொல்லவைக்க வேண்டும். மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“எந்தக் கந்தோர், தம்பி?”

“பிரதேச செயலகம்.”

“அதுதானே பாத்தன்! சரி, இனி எல்லாரும் தம்பி சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க. முன்னுக்குச் சொன்னவங்களும் எழும்புங்க.”

புதிய வாசகத்தைக் கேட்டதும் சிலாவத்துறையிலிருந்து வந்த ஒரு தகப்பன் மகளோடு வெளியேறினார். பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மிஸ்ஸி அவர்களைத் தடுக்கவில்லை. வாசல்வரை சென்று, தேநீர் குடித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

சங்கக்கடை வேலையை விட வேண்டாம் என்றேன்; நாங்களும் அன்று சேராமலே பேருந்து ஏறினோம். பாலத்தைக் கடந்ததும் றெஜினா கேட்டார்: “வீடு வரும், லைட் வரும், எல்லாம் வரும் எண்டுதானே முகாமால வந்த நாள் தொட்டு எங்களுக்குச் சொல்லுகினம். ஆரும் ‘இல்லை’ எண்டதை முதலே சொன்னவையோ?”

“இல்லை எண்டு சொல்லிப்போட்டால் உண்டு எண்டு ஆகிடாது” என்றேன்.

“எனக்கும் தெரியும். ஆனா, இல்லாததை மறைக்காத மனிசி தெரிஞ்சதையும் ஒளிக்காமப் படிப்பிப்பா. நான் நாளைக்குச் சங்கக்கடைக்குக் கடிதம் குடுக்கப்போறன். நீங்கள் வந்து எழும்பி நிண்டு சொல்லுவியளோ, மாட்டியளோ?”

சென்றேன். நானே சேர்த்த வாசகத்தை நானே எழுந்து நின்று முழுவதுமாகச் சொன்னேன். மிஸ்ஸி சிரிக்காமலிருக்கப் பெரிதும் பாடுபட்டார்.

பராமரிப்பு உதவியாளர் பயிற்சிக்கு மட்டுமே பின்னர் அங்கீகாரம் கிடைத்தது. பழைய பெயரையே வைத்திருந்தால் பிள்ளைகள் கூடுதலாக வருவார்கள் என்று பலரும் சொன்னார்கள். செய்தி கிடைத்த அன்றே மிஸ்ஸி பலகையில் இருந்த ‘தாதியர்’ என்ற சொல்லை அழிக்கவைத்தார். மாணவியரிடம், “ஆரும் மிஸ்ஸி எண்டு கூப்பிட்டா திருத்துங்க. திருத்திப்போட்டு ஓடிப்போய்ப் பாருங்க” என்றார்.

றெஜினா இன்று ஒரு முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். படுக்கைப்புண் ஆறாமல் வந்த எத்தனையோ பேரை எழுந்து உட்கார வைத்திருக்கிறார். அடக்கத்துக்கு மறுநாள் அவரை அழைத்துவரப் போயிருந்தேன். உள்ளே ஒரு முதியவர், “மிஸ்ஸி! மிஸ்ஸி!” என்று கூப்பிட்டார். “நான் மிஸ்ஸி இல்லை அப்பு, பராமரிக்கிற ஆள். இந்தா வாறன்” என்று குரல் கொடுத்தபடி ஓடினார். சங்கக்கடை வேலையை விட வேண்டாம் என்ற என் கணக்கு விதிப்படி சரியே. இன்றும் அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு வாசலில் நின்றபோது எனக்கு இருந்த பெருமிதத்துக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

மிஸ்ஸியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எழுத்தின் அளவு. கந்தோரில் மக்களுக்கு அறிவித்தல் எழுதும்போது, கிடைக்காதவற்றையும் கிடைப்பவற்றின் அளவிலேயே எழுதுவிக்கிறேன். இங்கும் அதை மீறக்கூடாது. ஹாஜரா மிஸ்ஸி தம் பள்ளிக்குக் கேட்ட தாதியர் பதிவு, அவர் கண்மூடும்வரை கிடைக்கவில்லை. அவருடைய பெயரை எழுதிய அதே அளவில் இந்த வரியையும் எழுதுகிறேன்.