நாக்கில் வைத்த சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் தெருவில் ஒரு பயல் பிறந்த அன்றே காபி சாப்பிட ஆரம்பித்துவிட்டான். சத்தியமாக!

காபி என்றால் டம்ளர் காபி இல்லை. காபியில் இருக்கிற காஃபீன்... அதையே மருந்தாகக் கொடுத்தார்கள். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. எடை ஒரு கிலோகூட இல்லை. இவ்வளவு அவசரமாக வந்துவிடுகிற குழந்தைகள் மூச்சு விடவே மறந்துபோகுமாம். ஞாபகப்படுத்தத்தான் காஃபீன். மூச்சு விடுவதையா ஒருவன் மறப்பான் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

அவன் அம்மா பெயர் சுகன்யா. ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவள். இன்றைக்கும் நான் அவளுக்கு டீச்சர்தான். புருஷன் பவர்லூம் ஓட்டுகிறான். குழந்தை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வாய் வழியாகக் குழாய் இறக்கி, வென்டிலேட்டரில் கிடக்கிறான்.

அந்த மெஷினிலிருந்து குழந்தையைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மெஷின் நிமிஷத்துக்கு நாற்பது மூச்சு கொடுத்தால், அதை முப்பத்தைந்தாக்குவார்கள். மிச்சத்தைக் குழந்தை தானாக விட வேண்டும். விட்டால் முப்பது. திணறினால் மறுபடி மேலே. சரி, பாவம், மெஷினிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் விட முடியாது. காப்பாற்றுகிற மெஷினே நாளாக ஆக அந்தப் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். என்ன கொடுமை பாருங்கள்!

தினமும் காலையில் சுகன்யா போன் பண்ணுவாள். "இன்னிக்கி முப்பது டீச்சர்." மறுநாள், "ஏறிடுச்சி டீச்சர், முப்பத்தஞ்சி..." அந்த நம்பரைக் கேட்ட பிறகுதான் எனக்கு இட்லி தொண்டையில் இறங்கும்.

மூன்றாவது வாரக் கடைசியில் குழாயை எடுத்துவிட்டார்கள். மூக்கு வழியாக மட்டும் காற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வேலூர் போனேன். வார்டுக்குள் பெற்றவளைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுகன்யா கையில் ஒரு பாட்டில் மூடியோடு வந்தாள். மூடிக்குள் சர்க்கரைத் தண்ணீர்.

உங்களுக்கே தெரியும். பிறந்த குழந்தையின் நாக்கில், நல்ல குணம் உள்ளவர் என்று நினைக்கிற ஒருவரைக் கூப்பிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்வார்கள். சேனை வைக்கிறது. வைத்தவரின் குணம் குழந்தைக்கு வருமாம். இவனுக்கு வாயில் குழாய் இருந்ததால் அது நடக்கவே இல்லை.

"இப்பத்தான் டீச்சர் வாய் சும்மா இருக்குது. நீங்க வெரலால தொட்டுக் குடுங்க, நான் உள்ள எடுத்துகினு போயி நாக்குல வெச்சிடறேன். ஜல்தியா குடுங்க, நர்ஸ் வந்துடப் போறாங்க."

"வாயில ஒண்ணும் வெக்கக்கூடாதுன்னு சொல்லலையா?"

"ஒரு சொட்டுதானே டீச்சர்... பொறந்ததிலேர்ந்து ஊசியும் கொழாயும்தான் பாத்துகினு இருக்கறான். ஒரு இனிப்பு தெரிய வேணாமா அவனுக்கு?"

இந்த மாதிரிப் பழக்கங்களை இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பக்கத்தில் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! அன்றைக்கு அந்த வாய் எங்கே போனது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இத்தனை பேர் இருக்க, தன் பிள்ளைக்கு என் குணம் வேண்டும் என்கிறாளே... எனக்குத் தலைகால் புரியவில்லை. விரலைத் தண்ணீரில் முக்கி, மூடியை அவளிடம் கொடுத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளே மெஷின் கத்தியது. நர்ஸுகள் ஓடினார்கள். சுகன்யாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் பெஞ்சில் உட்காரவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். குழந்தை நீலம் பாரித்து, மூச்சு நின்று... மறுபடி குழாய். மறுபடி வென்டிலேட்டர். மறுபடி நாற்பது.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண். "வாய்ல ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா? மறைக்காதீங்க. தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த ட்ரீட்மென்ட் பண்ண முடியும்."

சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா?

"சர்க்கரைத் தண்ணி வெச்சிருக்காங்க டாக்டர். எவ்ளோ சொன்னாலும் இவங்களுக்குப் புரியறதில்ல."

டாக்டர் சுகன்யாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "அதனால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். இந்த மாதிரி கொழந்தைங்க மொதல் தடவ தாங்காம திரும்ப மெஷினுக்குப் போறது உண்டு. ஆனா படிச்சுப் படிச்சு சொன்னோமில்ல? நீங்கல்லாம் ஒரு தாயா..." அதற்கு மேல் அவரே நிறுத்திக்கொண்டார்.

சுகன்யா 'டீச்சர்தான் தொட்டுக் குடுத்தாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்றோடு காலை போனும் நின்றுவிட்டது. எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

போன ஞாயிறு மறுபடி கிளம்பினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு. டாக்டர் லீவு என்றார்கள். கேட்டதும் எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது பாருங்கள்... சே, அசிங்கம்! சுகன்யாவிடம் மட்டும் சொன்னேன், நாளைக்குப் போன் பண்ணியாவது டாக்டரிடம் ஒத்துக்கொள்கிறேன் என்று.

"எதுக்கு டீச்சர்? என்னைத் திட்டினாங்க, முடிஞ்சி போச்சி. உங்களையும் திட்டிட்டா அவன் மூச்சு உட்டுடுவானா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

நம்பர் என்ன என்று கேட்டேன். முப்பத்தெட்டு என்றாள். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். அடுத்து எப்போது குழாயை எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

திங்கள் போய், செவ்வாய் போய், இன்றைக்கு வரை நான் போன் பண்ணவில்லை. எழுதத்தான் துணிச்சல் வந்தது.

டாக்டர், நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்களோ மாட்டீர்களோ... அந்த விரல் என்னுடையது.