தட்டும் வரை

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜூடித் பிசியோதெரபிஸ்ட். இறுகிப்போன தோள்களை இளக்குவதுதான் ஒன்பது ஆண்டுகளாக அவள் வேலை. நோயாளியின் கையை மெல்லத் தூக்கித் திருப்பிக்கொண்டே போவாள். மூட்டு இதற்கு மேல் போகாது என்னும் இடம் வந்ததும் அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடும். அங்கேயே நிறுத்திவிடுவாள். முகம் சுளிப்பதற்கு முன்பே விட்டுவிடுவாள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

அந்த நல்ல பெயர்தான் மாலை வேளையில் அவள் காலை வாரியது.

வேலை முடிந்ததும் சரஸ்வதிபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் ஜியு-ஜிட்சு என்னும் மல்யுத்தக் கலை பழகப் போவாள். அவளுக்குப் பிடித்தது கிமுரா என்ற பிடி. மல்லாந்து கிடக்கும் எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பற்ற வேண்டும். மறு கையை அவர் மேற்கைக்கு அடியில் விட்டுத் தன் மணிக்கட்டையே பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தக் கையை முதுகுப் பக்கமாகத் திருப்ப வேண்டும். தாங்க முடியாதபோது எதிராளி தோல்வியை ஏற்றுக் கையால் தட்டுவார். தட்டினால் ஆட்டம் முடிந்தது.

பிடி போடுவதில் ஜூடித்துக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் தோள் எல்லையைத் தொட்டதும், எதிராளி தட்டுவதற்குள், அவள் கை தானாகத் தளர்ந்துவிடும். இரண்டு போட்டிகளின் இறுதிச் சுற்றில் அப்படியே தோற்றாள். இரண்டு முறையும் அபூர்வாவிடம். மூன்றாவது போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. அதிலும் எதிரில் அபூர்வா வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் என்ன உன் பேஷண்டா கணே?" என்று கன்னடத்து 'டீ'யைக் கலந்து கேட்டாள் அவளோடு பயிற்சி செய்யும் ரஞ்ஜிதா, பாயில் படுத்தபடியே. "பிடிச்சா பிடி. இல்லன்னா ஒத்தடம் குடுத்து வீட்டுக்கு அனுப்பு."

"உன் தோளுக்கு ஒத்தடம் வேற கேக்குதா?" என்று சிரித்தாள் ஜூடித். ஆனால் அன்றும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில், தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்திலிருந்து வரும் சித்தையனுக்குப் பயிற்சி. மொபெட்டிலிருந்து விழுந்ததில் தோள் இறுகியிருந்தது. அவருக்கும் ஜூடித்தின் வயதுதான் இருக்கும். வழக்கம்போல் எல்லையில் நிறுத்தினாள்.

"ஏனுங்க அம்மணி, விட்டுட்டீங்க?"

"வலிக்குமேன்னுதான்."

"வலிச்சா நான் சொல்ல மாட்டனுங்களா? எனக்கு வாய் இல்லீங்களா?"

ஜூடித் மறுபடி கையைப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் போனாள், நூலளவு. "போதுங்க!" என்று அவரே சொன்ன பிறகுதான் விட்டாள். கை அன்று காதுவரை போயிற்று.

ஞாயிறு இறுதிச் சுற்று. இரண்டாவது நிமிடத்தில் அபூர்வா மல்லாந்து விழுந்தாள். ஜூடித் குறுக்கே கிடந்து அழுத்தினாள். தள்ளிவிட நீண்ட கை அகப்பட்டது. கிமுரா பூட்டிக்கொண்டது.

திருப்பினாள். எல்லை வந்தது. விரல்கள் பழகியபடி தளரப் பார்த்தன. எல்லைக்கும் காயத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று அந்தக் கூடத்தில் அவளைவிட யாருக்கும் தெரியாது. வெடுக்கென்று இழுக்கவில்லை. விடவும் இல்லை. அபூர்வா பல்லைக் கடித்தாள். ஜூடித் நூலளவு போனாள். காத்திருந்தாள். இன்னொரு நூலளவு.

"விடாதே கணே!" என்று ரஞ்ஜிதா ஓரத்திலிருந்து கத்தினாள்.

ஜூடித்தின் முதுகில் மூன்று தட்டு விழுந்தது.

அந்த நொடியே விட்டாள். நடுவர் அவள் கையை உயர்த்த வந்து நின்றார். ஜூடித்தோ முழங்காலிட்டு அபூர்வாவின் தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வலிக்குதா? இங்க?"

"ஒண்ணும் ஆகல அக்கா," என்றாள் அபூர்வா, கோபமும் சிரிப்புமாக. "முதல்ல போய் ஜெயிங்க. அவர் எவ்ளோ நேரம் நிப்பாரு?"

"இரு, இந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பு," என்றாள் ஜூடித்.