கேம்ஸ் மணவாளன் வைத்த தேதி

அம்பத்தூர் மணவாளன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோற்றைக்கூடத் தட்டோடு கையில் ஏந்திக்கொண்டு, அடுப்படிக்கும் தெருவாசலுக்கும் நடந்தபடியேதான் தின்பார். "எங்கப்பன் என்னை ஒரு ரயில் இஞ்சினுக்குக் கட்டிக் குடுத்திருக்கலாம். அதுவாவது ஸ்டேஷன்ல நிக்கும்" என்பாள் அவர் மனைவி வசந்தா.

பூந்தமல்லிச் சாலையோரம் இருந்த கல்லூரியில் விளையாட்டுப் பிரிவுக்கு அவர்தான் தலை, அவர்தான் வால். பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, மற்றக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதித் தேதி வைப்பது, பாதி ஆட்டத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அவர் மட்டும் ஆடுவதில்லை. ஆயுளில் ஒரே ஒரு கோல் போட்டிருக்கிறார், அதுவும் சொந்தக் கட்சிக்கு எதிராக.

இத்தனைக்கும் மேலே ஜனங்களின் கேள்விகள் வேறு. ஆவடியிலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அவரை வழியெல்லாம் மறித்தார்கள். சைக்கிளில் போனால் பின்னாலேயே ஓடிவந்து கேட்டார்கள். ஒருநாள் பதில் சொல்லிக்கொண்டே போய் ஏரிக்கால்வாயில் இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் கல்லூரி வாசலில் ஒரு தகரப்பெட்டியும் பக்கத்தில் ஒரு கரும்பலகையும் வந்தன. கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டியது. எழுதத் தெரியாதவர்கள் காவல்காரரிடம் சொல்ல, அவர் எழுதிப் போடுவார். வியாழக்கிழமை பலகையில் சாக்குக்கட்டியால் பதில் வரும்.

கேள்வி: நம்ம கோல்கீப்பருக்குக் கண் தெரியுமா?

பதில்: நன்றாகத் தெரியும். பந்தைத் தவிர எல்லாம் தெரியும்.

கேள்வி: போன வாரத்து ரெஃப்ரிக்கு எந்த ஊர்?

பதில்: சொல்வதற்கில்லை. நீங்கள் கல்லோடு போவீர்கள்.

முப்பத்தாறாம் வருஷம் கல்லூரி முதல்முறையாக ஃபைனலுக்கு வந்தது. வந்ததற்கு முக்காலே மூணு வீசம் காரணம் ஷஃபியுல்லா. பூந்தமல்லியில் குதிரைச் சேணம் தைக்கும் சாதுல்லாவின் மகன், இரண்டாம் வருஷ மாணவன். வெறுங்காலில் அவன் பந்தை உருட்டிக்கொண்டு போனால், எதிரிக் கட்சிக்காரர்கள் பூட்ஸோடு விழுந்து கிடப்பார்கள்.

செவ்வாயா புதனா, எது சௌகரியம் என்று போட்டிக் கமிட்டி கேட்டு எழுதியது. மணவாளன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையில் சிவப்பாக 'ரம்ஜான்' என்று அச்சடித்திருந்தது. 'புதன்' என்று எழுதிப் போட்டுவிட்டார். வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தால் இருபது சீட்டிலும் ஒரே கேள்வி: பெருநாள் சமயமாச்சே, ஷஃபியுல்லா ஆடுவானா? மணவாளன் பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினார்: பெருநாள் செவ்வாய். ஆட்டம் புதன். ஷஃபியுல்லா கட்டாயம் ஆடுவார்.

காலண்டர் அச்சடித்தவனைக் கேட்டுக்கொண்டு பிறை வருமா? திங்கட்கிழமை சாயங்காலம் பூந்தமல்லிப் பள்ளிவாசல் முன்னால் ஊரே மேற்கே பார்த்து நின்றது. மார்கழி பிறக்கிற நேரம், ஈயம் பூசினாற்போல மேகம். மணவாளனும் போய் நின்றார். நின்றார் என்பது பேச்சுக்கு. குறுக்கும் நெடுக்கும் நடந்து, இரண்டு பேர் காலை மிதித்தார்.

கொஞ்ச நேரத்தில் சாதுல்லா வந்தார்.

"தெரியல கேம்ஸு சார். நாளைக்கும் நோம்புதான். பெருநாளு புதன்கெழம."

"காலண்டர்ல செவ்வாய்னு போட்டிருக்குதே பாய்!"

"அத்த அடிச்சவன் மேல ஏறிப் பாத்துட்டு வந்தானா?"

மணவாளன் இரண்டு எட்டு நடந்து திரும்பி வந்தார். "சாயங்காலம் ரெண்டே மணி நேரம் பாய். தொழுகை முடிச்சி, சாப்ட்டு, அப்பால அனுப்பினாப் போதும்."

சாதுல்லா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"அஷ்ரஃபுன்னிசாவக் கட்டிக் குடுத்து மொதப் பெருநாளு சார் இது. முத்தாபுதுப்பேட்டையிலேர்ந்து சம்பந்தி ஊட்டுக்காரங்க மொத்தமா வராங்க, பொழுது சாஞ்சிதான் போவாங்க. எனக்கு இவன் ஒரே புள்ள. மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணி ஊத்தவேண்டிய மச்சான் பந்தாடப் பூட்டான்னா, எம் பொண்ணு அந்த ஊட்டுல எப்பிடி தல நிமிந்து நடக்கும்?"

"அத்தா சொல்றது சரிதான் சார்" என்றான் ஷஃபியுல்லா.

மறுநாள் விடிந்ததும் மணவாளன் பட்டணம் வரை சைக்கிள் மிதித்தார். கமிட்டிச் செயலாளர் காப்பியை ஆற்றிக்கொண்டே மணவாளனின் கடிதத்தை எடுத்து நீட்டினார். "நீர் கேட்ட தேதிதானே ஓய்? வராவிட்டால் கோப்பை அவர்களுக்கு."

திரும்பி வந்து கல்லூரி வாசலில் இறங்கும்போதே ஜட்கா எத்திராஜ் பிடித்துக்கொண்டார். ஆவடி ஸ்டேஷனுக்கும் பூந்தமல்லிக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஆட்டமுள்ள நாளில் சவாரியை நடுவழியில் இறக்கிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார்.

"இன்னா கேம்ஸு, பையன் வரமாட்டானாமே? எதிர் காலேஜுக்காரன் வேல வாங்கித் தரேன்னு சொல்லிக்கீறானாம். அத்தான் பெருநாளுன்னு சாக்கு சொல்லிகினு கழண்டுக்கிறான்னு ஸ்டேஷன் பூரா பேச்சா கீது. கைல கெடச்சான்..."

"யார் சொன்னது?"

"அல்லாரும் சொல்றாங்க. நீதான எழுதினே, பெருநாளு செவ்வாய்னு?"

கோப்பை போனால் போகிறது என்று மணவாளன் வழியிலேயே மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அந்தப் பையன் இனிமேல் ஆவடி ஸ்டேஷன் பக்கம் எப்படித் தலைகாட்டுவான்?

ஆபீஸ் குமாஸ்தா திருவேங்கடம் வழி சொன்னார். "முழங்கால்ல அடின்னு எழுதிட்டுப் போவியா! காலுக்கு வாயா கீது, இல்லேன்னு சொல்ல?"

மணவாளன் அறையைச் சுற்றி ஏழெட்டு முறை நடந்தார். பெருநாள் காலையில் பூந்தமல்லி மொத்தமும் ஷஃபியுல்லா முழங்காலை மடக்கித் தொழுவதைப் பார்க்குமே. அடி என்று எழுதியவன் நான், பொய்யன் என்று பெயர் வாங்குகிறவன் அவன். எட்டாவது சுற்றில் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்று வியாழக்கிழமை இல்லை, பெட்டியையும் திறக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினார்.

'பெருநாள் புதன்கிழமை. பிறையைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துத் தேதி வைத்தவன் நான். ஷஃபியுல்லா வீட்டுக் கடமைக்காக ஆட்டத்திலிருந்து விலகி நிற்கிறார். திட்டவேண்டியவர்கள் என்னைத் திட்டவும். மணவாளன்.'

திட்டினார்கள். அந்த விஷயத்தில் நம் ஜனங்களைக் கெஞ்சவேண்டியதில்லை. புதன்கிழமை ஆட்டத்தில் கல்லூரி ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. சுண்ணாம்புக் கோட்டோரமாக மணவாளன் ஓடிய ஓட்டத்தைப் பந்தோடு ஓடியிருந்தால் ஜெயித்திருக்கலாம். விசில் ஊதியதும் நூறு பேர் சூழ்ந்தார்கள். அடுத்த ஆட்டத்தை அமாவாசை இருட்டில் வைப்பியா என்று ஒருவன். உங்க ஊட்டுல பொங்கல் என்னிக்கு, காலண்டரைக் கேட்டுச் சொல்லு என்று இன்னொருவன். எத்திராஜ் ஒன்றும் கேட்காமல் தலையிலிருந்த முண்டாசை அவிழ்த்து உதறி, "போய்யா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் மணவாளனுக்கு அதிகமாக வலித்தது. இருந்தாலும் கடைசி ஆள் வரை பதில் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் ஜன்னலோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். வாசலில் எத்திராஜும் பத்துப் பன்னிரண்டு பேரும். எதிரே புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஷஃபியுல்லா வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் நடை தயங்கியது. மணவாளன் கதவுப் பக்கம் பாய்ந்தார். வாசற்படி தடுக்கி அங்கேயே முட்டி போட்டார். எழுந்து பார்த்தபோது எத்திராஜ் பையன் தோளில் கை போட்டிருந்தார்.

"பெருநாளு நல்லா ஆச்சா மாமே? மச்சான் நல்லா துன்னாரா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம் வுடு. நம்ம கேம்ஸு கீறானே, அவனுக்குத்தான் கொஞ்சம் மற கழண்டுகீது."

கூட்டம் சிரித்தது. ஷஃபியுல்லாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மணவாளன் எதிரே நின்றான்.

"நீங்க பலகைல எழுதினத அத்தாகிட்ட சொல்லிட்டாங்க சார்."

"கோச்சிக்கினாரா?"

"இல்ல. 'அடுத்த வருஷம் தேதி வெக்கிறதுக்கு முன்னாடி கேம்ஸு சார என்கிட்ட வரச் சொல்லு'ன்னாரு. 'பெருநாளு என்னிக்குன்னு எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தே தெரியாம இருக்கலாம்'னாரு."

மணவாளன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.