ஒன்றை மட்டும் தெரிவுசெய்க

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோவிலுக்கு, முருகனிடம் போவேன். ஞாயிறு காலை குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையில் இருப்பேன். அங்கே பூசாரியும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்போம். என் விசா விசாரணைக்கு வந்து, வாயே திறக்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் இவர்கள். அந்த அமைதி எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. முருகன் ஒருநாளும் கோபித்ததில்லை.

கோபம் வந்தது எனக்குத்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை சபையில் கருத்துக்கணிப்பு நடக்கும். கடவுளை நம்புகிறீர்களா, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர், ஒன்றை மட்டும் தெரிவுசெய்க. போனமுறை நான் இந்து, குவேக்கர் இரண்டிலும் அடையாளம் போட்டேன். இந்தமுறை, தேநீர் வேளையில் ஆய்வு செய்யும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், என் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

"போனமுறை உங்கட தாளைச் சேர்க்க ஏலாமப் போச்சுது. இந்தமுறை ஒண்டை மட்டும் போடுங்கோ, என்ன?"

"அப்ப போனமுறை நான் இஞ்சை இருக்கேல்லையோ?"

"கேள்வியை மாத்தினா பழைய முடிவுகளோட ஒப்பிட ஏலாது."

இதென்ன கதை! கேள்வியை மாற்றக் கூடாதாம், நான் மாறலாமாம்.

தேநீருக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம். சபையில் வாக்கெடுப்பு கிடையாது. ஒரே ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் காரியம் நின்றுபோகும். முடிவைச் செயலாளர் அங்கேயே எழுதி வாசிப்பார். எல்லோரும் சரி என்றால்தான் அது நிலைக்கும். கணிப்பை நடத்துவோமா என்று அவர் கேட்டதும் எழுந்தேன்.

"எனக்கு மனம் ஒப்பேல்லை. முருகனை வாசலிலை விட்டிட்டு வா எண்டு இஞ்சை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. இந்தத் தாள் சொல்லுது."

பிறகு செயலாளர் எழுதி வாசித்தார்: "வருகையாளர் ஒருவர் மறுப்புத் தெரிவித்ததால்..."

வருகையாளரா! உறுப்பினரில்லை, சும்மா வந்துபோகிற ஆளாம் நான்!

"ஆர் வருகையாளர்? ஞாயிறு ஞாயிறா உங்கட கோப்பையெல்லாம் கழுவுறது ஆர்?"

ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. என் விசா விசாரணைக்கு வந்திருந்த வயதான அன்ரி ஒருவர், "அந்தச் சொல்லை எடுங்கோ" என்றார். செயலாளர் காது சிவக்க அதை வெட்டிவிட்டு மறுபடி வாசித்தார்: "எங்களில் ஒருவருக்கு மனம் ஒப்பாததால், கேள்வி மாறும்வரை கணிப்பை நடத்துவதில்லை."

சரி என்றார்கள் எல்லோரும். என் குரல்தான் உரத்துக் கேட்டது.

குசினியில் நான் கோப்பை கழுவும்போது ஆய்வுப் பெண் வந்து நின்றாள். இத்தனை வருட ஒப்பீடும் வீணாகப் போகிறதே என்று முனகினாள். துடைக்கும் துணியை அவள் கையில் திணித்தேன்.

"நீங்கள் எந்தச் சமயமெண்டு நான் கேக்கேல்லை. துடையுங்கோ."