ஜனாஸா அறிவித்தலில் மறைந்த கடைசி வரி

“…எல்லாம் சரியாத்தான் இரிக்கு எண்டா ஒன்ட பேரப் போட்டுப் பாருகா! ஒன்ட மாப்புள்ளட பேரப் போடு, ஒன்ட புள்ளைகள்ட பேரப் போடு. ஒன்ட மையத்துக்கு எத்தின மணிக்கு வரணும் எண்டு அதுல தெரியுதா எண்டு பாரு!”

இதைச் சொன்னவர் எனக்கு அக்கா வயதுள்ள ஹபீபா ராத்தா. என் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். அவருடைய உம்மா மௌத்தாகி அன்றைக்கு நாலாம் நாள். உம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அவருக்குக் கிடைக்கவில்லை. நான் செய்த இணையப் பக்கம்தான் அதற்குக் காரணம் என்று என்னிடம் சொல்லத்தான் பொத்துவிலில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

சகோதரிகளே, செவ்வாய்க்கிழமை மஜ்லிஸுக்கு வருகிற உங்களில் பலருக்கு இந்தச் சண்டை தெரியும். துஆ ஏற்கப்பட்ட கதைதானே, எழுதித் தா என்று கேட்டீர்கள். ஏற்கப்பட்டதுதான். ஆனால் நான் எதைக் கேட்டேன், எது கிடைத்தது என்பதை மறைக்காமல் எழுதினால்தான் இது உண்மையாக இருக்கும்.

இந்த வேலையை எனக்கு ஆரும் படிப்பித்துத் தரவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தது. ஊர் ஜனாஸாக் குழு கேட்டபோது ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். அதற்கு முன் ஒரே மையத்துக்கு வட்ஸ்அப்பில் மூன்று நேரம் சுற்றும். ஆர் சொல்வது சரி என்று தெரியாமல் ஆட்கள் பள்ளிக்கும் வீட்டுக்குமாக அலைவார்கள். என் பக்கம் வந்த பிறகு எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். “ஒன்ட பக்கத்தில போட்டாத்தான் எங்களுக்கு மௌத்து” என்று சந்தையில் ஒரு மாமி சொன்னா. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் மூன்று வகை அறிவித்தல் வரும். ஜனாஸா, இரத்தம் தேவை, தொலைந்த பொருள். மூன்றுக்கும் நான் செய்தது ஒரே அட்டை. இதைக் கொம்போனன்ட் என்பார்கள். செங்கல் அச்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை ஒரு தடவை செய்தால் எத்தனை கல்லும் அறுக்கலாம். அச்சில் பிழை இருந்தால் அத்தனை கல்லிலும் அந்தப் பிழை இருக்கும். எல்லா அட்டையும் ஒரே உயரத்தில் பல்வரிசை மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, உயரத்தை இவ்வளவுதான் என்று நான் கட்டிவைத்தேன். அதற்கு மேல் எழுத்து வந்தால் வெளியே வழிந்து அசிங்கமாகத் தெரியாமல் வெட்டிவிடச் சொன்னேன்.

செய்ததைச் சரிபார்த்தேனா? பார்த்தேன். ஆனால் பார்த்த விதத்தைக் கேளுங்கள். நம் ஊர் ஜனாஸா அறிவித்தல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் மாமியும், இன்னாரின் சகோதரியும் என்று குடும்பமே வரிசையாக வரும். சரிபார்க்க அப்படி ஒரு குடும்பத்தை எழுத வேண்டும். உயிரோடு இருக்கிற ஆருடைய பெயரை ஜனாஸா அட்டையில் எழுதுவது? சின்ன வயதில் விளையாட்டுக்கு “செத்துப் போவன்” என்று சொன்னாலே, வானவர்களான மலக்குமார் ஆமீன் சொல்லிவிடுவார்கள் என்று உம்மா வாயைப் பொத்துவா. அதனால் பெயர் வரவேண்டிய இடத்தில் “அ” என்று போட்டேன். மனைவிக்கு “ஆ”. பிள்ளைக்கு “இ”. அட்டை அழகாக இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

ஹபீபா ராத்தா எங்கள் ஊர் நற்பிட்டிமுனையில் பிறந்தவர். தன் விருப்பத்துக்குப் பொத்துவிலில் கலியாணம் முடித்தார். அன்றிலிருந்து அவருக்கு மூத்த சகோதரர்களான நான்கு காக்காமாரும் அவருடன் கதைப்பதில்லை. உம்மாவையும் கதைக்க விடவில்லை. உம்மாவுக்குச் சுகமில்லை என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் என் பக்கத்தைத் திறந்து, உம்மாவின் பெயர் வந்திருக்கிறதா என்று பயந்து பயந்து பார்த்திருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பெயர் வந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மகன்மார் முன்னுக்கு, நண்பகல் ளுஹருக்கு மாற்றினார்கள். நான் உடனே அட்டையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நேர மாற்றம், ளுஹர் தொழுகைக்குப் பின். என் போனில் தெரிந்தது. அவருடைய போனில் தெரியவில்லை. அஸருக்கு முன் போய்ச் சேரலாம் என்று நம்பி பஸ் ஏறியவர், ளுஹர் முடிந்து உம்மாவின் வீட்டு வாசலில் இறங்கினார். மையத்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கு போய்விட்டது. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. குளிப்பாட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்து, “இப்பதான் வழி தெரிஞ்சிச்சோ?” என்று கேட்டிருக்கிறார்.

இவ்வளவும் அனுபவித்தவர்தான் என் வாசலில் வந்து நின்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உள்ளே கூட்டி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அவர் போனை நீட்டிக் காட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

“எழுத்த இவ்வளவு பெருசா வெச்சா எப்பிடி ராத்தா தெரியும்? ஒரு கண்ணாடியப் போடுங்களன்” என்றேன்.

“வாசிச்சுப் பாரு புள்ள. ளுஹர் எண்டு எங்க இரிக்கு?”

“என்ட போனில இரிக்கு. பக்கத்தில பிழையில்ல. அதோட, அறிவித்தல்ல உங்கட பேரே இல்லையே. நீங்க அவட மகள்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

இதை நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். காக்காமார் கொடுத்த பெயர் வரிசையில் அவர் பெயர் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், நானே தட்டச்சுச் செய்தது. அவர் போனைப் பைக்குள் வைத்தார். பிறகுதான் நான் தொடக்கத்தில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். என் பிள்ளைகளின் பெயரை மையத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டாரே என்று நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்காக அழவில்லை.

அன்றே ஜனாஸாக் குழுவின் வட்ஸ்அப்பில் எழுதினேன். ஒருவர் வந்து வீண்பழி போட்டுவிட்டுப் போகிறார் என்று. செயலாளர் பதில் போட்டார்: “பக்கம் பிந்தாது, பஸ்தான் பிந்தியிருக்கும்.” சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

துஆவும் கேட்டேன். யா அல்லாஹ், நான் சரி என்று எல்லோருக்கும் காட்டு. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இதுதான். மன்னிக்கவும், அன்றைக்கு அதைத் துஆ என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமையே அக்கரைப்பற்றில் இருந்து ஒரு பெரியவர் போன் எடுத்தார். நண்பரின் ஜனாஸாவுக்கு வந்து ஆளில்லாத பள்ளியில் நின்றதாகச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. “நேரம் போட மறந்திட்டீங்க போல மகள்” என்றார். என் போனில் பார்த்தேன், நேரம் இருந்தது. இருந்தும் பயத்தில் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அச்சைச் சரியாகப் பார்க்காமல் மேலே மேலே ஒட்டுப்போட்டேன். ஜனாஸா அட்டைக்கு என்று போட்ட ஒட்டு, இரத்தம் தேவை என்ற அட்டையைப் போய் இழுத்தது. அதில் இருந்த பச்சைப் பொத்தான் மேலே ஏறி, போன் நம்பரின் கடைசி இலக்கங்களை மூடிவிட்டது. பிரசவ வார்டில் இருந்த ஒரு சகோதரிக்காக அவருடைய வாப்பா காலையில் இருந்து அஸர் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். ஓர் அழைப்பும் வரவில்லை. அல்லாஹ் வேறு வழியால் இரத்தத்தைக் கொடுத்தான். என் வழியால் கொடுக்கவில்லை.

குழுத் தலைவர் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “பொம்புளப் புள்ளைக்கு ஏன் இந்த வேல எண்டு நான் அப்பவே கேட்டன். வெள்ளிக்கிழமையோட மூடு” என்றார்.

என் மாப்பிள்ளை, பிள்ளைகளின் வாப்பா, நெல் ஆலையில் இருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஹாஜியார் போன பிறகு, சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: “ஒன்ட கம்பியூட்டர் பொய் சொல்லாது, சரி. நீ அதுக்கிட்ட உண்மையான கேள்வி கேட்டயா?”

அந்த ளுஹர் தொழுகையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்தவள் எழும்பவில்லை. நான் சரி என்று காட்டு என்று கேட்க வாய் வரவில்லை. யா அல்லாஹ், பிழை என்னிடம் இருந்தால் என் கண்ணுக்கே காட்டு, எவ்வளவு கேவலமாக இருந்தாலும் காட்டு என்று மட்டும் கேட்டேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது காதில் வந்தது ஹபீபா ராத்தாவின் குரல். ஒன்ட பேரப் போட்டுப் பாருகா. கண்ணில் வந்தது அந்தப் புளியங்கொட்டை எழுத்து.

விரித்த முசல்லாப் பாயை மடிக்கவில்லை. போனை எடுத்து எழுத்தை அவருடையதைப் போலப் பெரிதாக்கினேன். ஊருக்குத் தெரியாத சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். மறைந்த பெண்ணுக்குப் போடுகிற மர்ஹூமா என்று எழுதி என் பெயரை எழுதினேன். மாப்பிள்ளையின் மனைவியும் என்று எழுதினேன். மூத்தவனின் பெயர் வந்தபோது விரல் நின்றுவிட்டது. பிஸ்மி சொல்லிக்கொண்டு எழுதினேன். மற்ற இரண்டு பிள்ளைகள், வாப்பா, உம்மா, தங்கச்சிமார், மச்சிமார், ஒருவரையும் விடவில்லை. அஸர் என்று நேரம் போட்டு, கடைசியில் ளுஹருக்கு மாற்றினேன்.

அட்டையைத் திறந்தேன். குடும்பம் முழுவதும் பெரிய எழுத்தில் வரிசையாக நின்றது. அஸர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் கட்டிவைத்த உயரத்தில், நான் சொன்ன இடத்தில், கத்தியால் நறுக்கிய மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. பெரிய குடும்பமும் பெரிய எழுத்தும் ஒன்றாக வந்தால் மட்டும் வெட்டுகிற வெட்டு. மழை வந்தால் ளுஹர், அது தெரியாமல் என் மையத்துக்கு அஸருக்கு ஓடிவரப்போகிற என் தங்கச்சியைக் கண்ணால் கண்டேன்.

திருத்துவதற்கு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. போட்ட ஒட்டுகளை எல்லாம் கழற்றினேன். அச்சிலேயே உயரக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், உள்ளே எவ்வளவு எழுத்து வருகிறதோ அவ்வளவுக்கு அட்டை நீளட்டும் என்று. நேர மாற்றத்தைக் கடைசியில் இருந்து தூக்கி, பெயருக்கும் மேலே சிவப்பில் வைத்தேன். பொத்தான் தன் இடத்துக்கு இறங்கியது. அட்டைகள் இப்போது பல்வரிசை மாதிரி இல்லை. ஒன்று நீளம், ஒன்று கட்டை. அரை மணித்தியால வேலைக்காக ஒரு மகள் உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

குழுவில் எழுதினேன். பிழை என்னுடையது, ஹபீபா ராத்தா சொன்னது உண்மை, நான் அவரைப் பொய்யாக்கினேன் என்று. பிறகு செயலாளர், “அப்ப பஸ் பிந்தல்லயா?” என்று கேட்டார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஹாஜியார் பக்கத்தை மூடச் சொல்லவில்லை. நன்றாகச் செய்தாய் என்றும் சொல்லவில்லை.

அல்ஹம்துலில்லாஹ். அவன் எனக்குக் காட்டினான். நான் கேட்ட கேவலத்தோடு சேர்த்தே காட்டினான். அதற்குப் பிறகு நான் செய்கிற எந்த அட்டைக்கும் முதலில் என் பெயரைத்தான் போட்டுப் பார்க்கிறேன். ஒருவர் வந்து குறை சொன்னால் என் போனைப் பார்ப்பதில்லை, அவருடைய போனைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். நான் சரி என்று காட்டு என்று கேட்காதீர்கள், காட்டு என்று மட்டும் கேளுங்கள். அவன் காட்டுவான். ஆர் வாயால் காட்டுவான் என்பது அவன் விருப்பம்.

மன்னிப்புக் கேட்டு மஆப் வாங்கப் பொத்துவிலுக்குப் போனேன். ஹபீபா ராத்தா வாசலிலேயே நிறுத்தி வைத்தார். நான் செய்தது போலவே. போனை நீட்டினேன். என் ஜனாஸா அறிவித்தலைச் சிவப்பு வரியில் தொடங்கிக் கடைசி மச்சி வரை வாய்விட்டு வாசித்தார்.

“அழிகா இத முதல்ல. உசிரோட இரிக்கிற புள்ளைகள்ட பேர மையத்தில வெச்சிக்கிட்டுப் பஸ்ஸில வந்திரிக்கா, பைத்தியக்காரி.”

அழித்தேன்.

“ஒனக்கும் இப்பிடி நடக்கணும் எண்டுதான் நான் ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டன். அதத்தான் அவன் ஒனக்குக் காட்டியிரிக்கான்.”

“மன்னிச்சிருங்க ராத்தா.”

“மன்னிச்சன் எண்டு சொல்ல வாய் வருதில்ல. உம்மாட முகம் இதுக்குள்ள வருமா?” என்று போனைத் தட்டினார். பிறகு கேட்டார்: “உம்மாட அறிவித்தல் இன்னும் இரிக்கா?”

இருந்தது. திருத்துகிற இடத்தில் திறந்து கொடுத்தேன். அங்கே நான்கு காக்காமாரின் பெயர்கள் நின்றன. அவர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அந்த நான்கு பெயர்களுக்கும் முன்னால் ஹபீபா என்று எழுதினார். ஊருக்குக் காட்டுகிற பொத்தான் எது என்று என்னிடம் கேட்டு, அதை அழுத்தினார்.